ஆடியில் கிளம்பி மார்கழியில் திரும்பிய கப்பல்கள்: பழைய வணிக வழிகளைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி இது: "ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பண்டைய வணிக வழிகளும் பண்பாட்டுப் பரிமாற்றமும் என்ற பாடத்தை நடத்துகிறேன். வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறேன். ஏற்றுமதி, இறக்குமதிப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதுகிறேன். தேர்வு முடிந்ததும் எல்லாம் மறந்துபோகிறது. பண்பாட்டுப் பரிமாற்றம் என்றால் என்ன என்று கேட்டால் ஒரு பிள்ளைக்கும் சொந்தமாகச் சொல்லத் தெரியவில்லை. வேறு எப்படி நடத்தலாம்?"

பட்டியல் மறந்துபோவதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், அது போகட்டும். கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான சிக்கல். நானும் நடுநிலைப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியிருக்கிறேன். முதல் ஏழெட்டு ஆண்டுகள் அம்புக்குறிதான் போட்டேன். அம்புக்குறியில் ஆளே கிடையாது. ரோமிலிருந்து ஒரு கோடு கிளம்பி, மேற்குக் கரையில் சேரரின் துறைமுகமாக இருந்த முசிறியில் வந்து நிற்கும். நடுவில் யாருக்கும் பசிக்காது, காய்ச்சல் வராது, யாரும் எதற்காகவும் காத்திருக்க மாட்டார்கள். மனிதர்கள் வராத பாடத்தில் பண்பாடு மட்டும் எப்படி வரும்? பிள்ளைகளுக்குப் புரியாததில் வியப்பில்லை.

அப்புறம் நான் செய்த மாற்றம், எல்லா வழிகளையும் ஒரே மூச்சில் நடத்துவதை நிறுத்தியதுதான். பட்டுப் பாதை, சாம்பிராணிப் பாதை, அம்பர் பாதை என்று ஐந்தாறு பெயர்களை ஒரு வகுப்பில் சொல்லி முடித்தால் எதுவும் மிஞ்சாது. அந்தப் பெயர்களிலும் ஒரு செய்தி இருக்கிறது. 'பட்டுப் பாதை' என்ற பெயரைப் பரவலாக்கியவர் ஃபெர்டினாண்ட் ஃபொன் ரிக்தோஃபன் என்ற ஜெர்மானியப் புவியியலாளர்; ஆண்டு 1877. அந்த வழியில் ஒட்டகம் ஓட்டியவர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போகும் வழி என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டு, ஒரே ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள். நம் பிள்ளைகளுக்கு மிளகைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. அது போன வழிக்குச் சான்றுகளும் ஏராளம்.

முதல் நாள் ஒரு கைப்பிடி மிளகு கொண்டுபோய் ஆளுக்கு ஒன்று கொடுங்கள். கடித்துப் பார்க்கட்டும். பச்சையாக இருந்த காய் வெயிலில் காய்ந்து கறுத்துச் சுருங்கியது இது, கொடியில் காய்ப்பது, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரத்தில் வளர்வது என்று சொல்லுங்கள். பிறகு சங்க இலக்கியத்திலிருந்து ஒரே ஒரு வரி: "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்". அகநானூற்றின் 149ஆம் பாட்டு, எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியது. யவனரின், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகரின் கப்பல் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியதாம். 'கறி' என்றதும் வகுப்பு சிரிக்கும். ஆட்டுக்கறியா, கோழிக்கறியா என்பார்கள். சிரிக்கட்டும். அன்றைக்குக் கறி என்றால் மிளகு என்று அதற்குப் பிறகு சொன்னால், ஒரு சொல் இரண்டாயிரம் ஆண்டில் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதை அவர்களே உணர்ந்துகொள்வார்கள்.

அடுத்து, அந்த ஒரு மிளகு எத்தனை கைகள் மாறியது என்று கேளுங்கள். இங்கே உங்களுக்கு ஓர் அருமையான ஆவணம் கிடைக்கிறது. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் தாள், அதாவது நாணல் வகைச் செடியிலிருந்து செய்த பழைய தாள், இருக்கிறது. கிரேக்க மொழியில், கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்டது. முசிறி பாப்பிரஸ் என்று சொல்வார்கள். அறிஞர்கள் அதைப் படித்து வெளியிட்டது 1985இல்தான். ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்தம், மறுபக்கத்தில் 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. சடாமாஞ்சி, யானைத் தந்தம் எல்லாம் அதில் வருகின்றன.

ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லலாம். கடன் வாங்கிய வணிகர் வாக்குக் கொடுக்கிறார்: சரக்கைச் செங்கடல் கரையிலிருந்து காவலோடு பாலைவனம் தாண்டி, கோப்டோஸ் என்ற ஊரின் அரசுக் கிடங்குக்குக் கொண்டுபோவேன். அங்கே உங்கள் முத்திரையின் கீழ் வைப்பேன். பிறகு நைல் ஆற்றில் நல்ல படகில் ஏற்றி அலெக்சாந்திரியா கொண்டுபோய், கால் பங்கு வரி வாங்கும் கிடங்கில் மறுபடியும் முத்திரையிட்டு வைப்பேன். மூட்டையை யாரும் பிரித்து எடுத்துவிடக் கூடாது என்ற கவலை ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. வீட்டில் சீட்டுப் பணம், நகைக்கடன் என்று பேச்சு கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கவலை உடனே புரியும்.

கணக்கு ஆசிரியரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வரி போக மிஞ்சிய சரக்கின் மதிப்பு 1,154 தலந்தும் 2,852 திரக்மாவும். ஒரு தலந்து 6,000 திரக்மா. மொத்தம் எத்தனை திரக்மா? 69,26,852 என்று வரும். சரி, கால் பங்கு வரியாகப் போனது, மிஞ்சிய முக்கால் இது என்றால் முழுச் சரக்கின் மதிப்பு என்ன? ஏறத்தாழ 92 லட்சம். ஒரே கப்பல்! எகிப்தின் மியோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து இந்தியாவுக்கு 120 கப்பல்கள் வரை போகின்றன என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருப்பதை அதற்குப் பிறகு சொல்லுங்கள். பின்ன எண்ணுக்கு இப்படி ஒரு பயன் உண்டு என்று என் வகுப்பில் பலர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

கைகளின் வரிசையை நடித்தும் பார்க்கலாம். மலையில் பறித்தவர், தலைச்சுமையாக இறக்கியவர், தோணிக்காரர், மாலுமி, ஒட்டகக்காரர், நைல் படகோட்டி, வரி அலுவலர், கடைக்காரர் என்று ஆளுக்கு ஒருவராக நிற்க வைத்து ஒரு சிறு பையைக் கை மாற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு கையிலும் விலை கொஞ்சம் ஏற வேண்டும். கடைசியில் நிற்பவர் யார் தெரியுமா? பிரிட்டனின் வட எல்லையில் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டை. அங்கே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த மெல்லிய மரப்பலகைக் கணக்கு ஒன்றில், கம்பாக்ஸ் என்ற ஆள் 2 தெனாரியஸுக்கு, அதாவது இரண்டு ரோமானிய வெள்ளிக்காசுக்கு, மிளகு வாங்கியது எழுதியிருக்கிறது. கி.பி. 100ஐ ஒட்டிய காலம். மழையும் குளிரும் நிறைந்த அந்தக் கோட்டையில் அவர் நம் மலையில் விளைந்ததைக் கொதிக்கும் குழம்பில் போட்டிருப்பார். நம் மலையைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். பறித்தவருக்கும் அவரைத் தெரியாது. கம்பாக்ஸ் என்ற பெயரைப் பிள்ளைகள் மறப்பதில்லை. பட்டியலில் வரும் பெயர்களை மறந்தாலும் அவரை மறப்பதில்லை.

இரண்டாம் நாள் பாடத்தைக் காற்றுக்கு ஒதுக்குங்கள். உள்ளபடியே இதுதான் பாடத்தின் உயிர். "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பதை எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் கேட்டிருப்பார்கள். அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். தென்மேற்கு. அப்படியானால் அரபுக் கரையிலிருந்து இந்தியாவை நோக்கிப் பாய் விரித்த கப்பலுக்கு அது முதுகுக்குப் பின்னால் வீசும் காற்று. மார்கழியில்? வடகிழக்கு. திரும்பிப் போகிறவருக்கு அது தள்ளுகாற்று. ஒரு பெரிய தொட்டித் தண்ணீரும் காகிதக் கப்பலும் விசிறியும் போதும், விசிறி இருக்கும் பக்கத்தை மாற்றி மாற்றிக் காட்டலாம்.

ரோமானியரான பிளினி இந்தப் பயணத்தின் நாள்கணக்கைத் தந்திருக்கிறார். அலெக்சாந்திரியாவை ஒட்டிய துறையிலிருந்து நைலில் எதிர்த்து ஏறிக் கோப்டோஸ் சேர 12 நாள். அங்கிருந்து பாலைவனத்தில் செங்கடல் கரையிலுள்ள பெரெனிகே துறைமுகத்துக்கு 12 நாள். பகல் வெயில் தாங்காமல் பெரும்பாலும் இரவில்தான் நடை. பெரெனிகேயிலிருந்து செங்கடலின் வாய்க்கு சுமார் 30 நாள். பிறகு கடலைக் கடந்து முசிறிக்கு 40 நாள். கூட்டிப் பார்த்தால் 94. பெரெனிகேயில் கப்பல் கிளம்புவது நடுக்கோடையில், அதாவது நம் ஆடியை ஒட்டி. அப்படியென்றால் முசிறியில் இறங்குவது எந்தத் தமிழ் மாதம்? பிள்ளைகள் விரல் விட்டு எண்ணிப் புரட்டாசி என்பார்கள். திரும்பும் காலத்தையும் பிளினி சொல்கிறார்: டிசம்பரில் கிளம்ப வேண்டும், தவறினால் ஜனவரி நடுவுக்குள். அதாவது மார்கழி.

இந்த இடத்தில் ஒரு திருத்தம். ஹிப்பாலஸ் என்ற கிரேக்கர் பருவக்காற்றைக் 'கண்டுபிடித்தார்' என்று பல குறிப்பேடுகளில் இருக்கும். அந்தச் சொல்லை அப்படியே சொல்லிக்கொடுக்காதீர்கள். இந்தியப் பெருங்கடலின் இரு கரையிலும் வாழ்ந்த மக்கள் அந்தக் காற்றில்தான் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்தார்கள், கலம் ஓட்டினார்கள். கிரேக்க மாலுமிகளுக்கு அது தெரியவந்த கதைதான் ஹிப்பாலஸ் கதை.

இப்போது பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி வருகிறது. நான் ஒவ்வோர் ஆண்டும் இதைக் கேட்பேன், கேட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நிற்பேன். புரட்டாசியில் வந்திறங்கியாயிற்று. மார்கழிக் காற்று வரும்வரை திரும்ப முடியாது. இடையில் ஐப்பசி, கார்த்திகை. அத்தனை நாள் அந்த மனிதர் என்ன செய்தார்?

பண்பாட்டுப் பரிமாற்றம் என்று நாம் சொல்வது நடந்தது அந்த மாதங்களில்தான். சரக்கை இறக்கி ஏற்ற நான்கு நாள் போதும். மிச்ச நாளெல்லாம் அந்த மனிதர் ஓர் ஊரில் குடியிருந்தார். சந்தைக்குப் போய் விலை கேட்க நான்கு சொல் கற்றிருப்பார். ஐப்பசி அடைமழையில் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, அந்த ஊர்க்காரர்கள் என்ன விளையாடுகிறார்கள், எதைக் கும்பிடுகிறார்கள் என்று பார்த்திருப்பார். காற்று அவரைக் கட்டிப் போட்டது. இந்த ஒரு விஷயம் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டால் மீதிப் பாடம் தானாக நடக்கும்.

சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள், அதற்குச் சான்று இருக்கிறது. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வந்துபோன கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய கடல்வழிக் குறிப்பேடு உண்டு. பெரிப்ளஸ் என்பார்கள். முசிறிப் பக்கம் கொண்டுபோக வேண்டிய சரக்கின் பட்டியலில் காசு, பவளம், செம்பு, ஈயம், கொஞ்சம் திராட்சை மது என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர், கோதுமையையும் சேர்க்கிறார். விற்பதற்கு இல்லை. கப்பல்காரர்கள் சாப்பிடுவதற்கு, ஏனென்றால் அங்கத்திய வணிகர்கள் கோதுமை உண்பதில்லை என்று காரணமும் எழுதியிருக்கிறார். வெளியூர் விடுதியில் தங்கி வீட்டுச் சோற்றுக்கு ஏங்கிய பிள்ளை யாராவது உங்கள் வகுப்பில் இருந்தால் அவரைப் பேசச் சொல்லுங்கள்.

மறுகரையிலும் இதே கதைதான். பெரெனிகேயில் 1994 முதல் நடந்த அகழாய்வில் அரிசி, பச்சைப்பயறு, தேங்காய் எல்லாம் கிடைத்திருக்கின்றன. அங்கே செராபிஸ் என்ற தெய்வத்தின் கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் 7.55 கிலோ மிளகு அப்படியே இருந்தது. நம் பக்கத்து ஆட்களும் அங்கே போய்க் காற்றுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்குச் சோறு வேண்டியிருந்தது.

அவர்கள் பெயரும் கிடைத்திருக்கிறது. எகிப்தின் குசேர் அல் கதீமில், அதாவது பழைய மியோஸ் ஹோர்மோஸில், பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் 'கணன்', 'சாதன்' என்று கீறியிருக்கிறது. இன்றைய எழுத்தில் கண்ணன், சாத்தன். ஓமானில் கோர் ரோரி என்ற இடத்தில் கீரன் என்ற பெயர் கொண்ட ஓடு. தாய்லாந்தில் பொன் உரைத்துப் பார்க்கும் சிறு கல் ஒன்றில் 'பெரும்பதன் கல்' என்று எழுதியிருக்கிறது. யாரோ ஒரு தட்டார் தன் உரைகல் தொலைந்துவிடக் கூடாது என்று பெயர் போட்டு வைத்திருக்கிறார். எனக்கு மிகப் பிடித்தது குசேரில் கிடைத்த இன்னோர் ஓடு. அதில் 'பானை ஒறி' என்று இருக்கிறது. உறியில் தொங்கவிடும் பானை. பாட்டி வீட்டில் தயிர்ப்பானை தொங்கிய உறியைப் பார்த்த பிள்ளை ஒருவர் கிடைத்தால் உங்கள் பாடம் அன்றைக்கு வென்றது. இல்லையென்றால் ஓர் உறியைக் கட்டிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இதற்கு ஒரு செய்முறை. குயவர் வீட்டில் உடைந்த சட்டி ஓடுகள் சும்மா தருவார்கள். ஓரங்களைத் தேய்த்து மழுக்கிவிட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்து, ஆணியால் பெயரும் ஒரு பொருளின் பெயரும் கீறச் சொல்லுங்கள். அதை மணல் பெட்டியில் புதைத்து, மறுநாள் வேறு வகுப்பைத் தோண்ட விடுங்கள். தோண்டியவர்கள் அந்த ஓட்டை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும், எதைச் சொல்லவே முடியாது என்று இரண்டு பத்தியாக எழுத வேண்டும். இரண்டாவது பத்திதான் அவர்களுக்குக் கடினம். அதை விட்டுவிடாதீர்கள்.

'நமக்கு இது எப்படித் தெரியும்?' என்ற கேள்வியை ஒவ்வொரு நாளும் ஒரு முறையாவது எழுப்ப வேண்டும். அதற்கு என்னிடம் உள்ள மிகச் சிறந்த எடுத்துக்காட்டு முசிறியின் தோணிகள். கப்பல் நிற்கும் இடம் கரையிலிருந்து தள்ளியிருக்கிறது, சரக்கைப் படகுகளில்தான் ஏற்றி இறக்க வேண்டும் என்று பிளினி லத்தீனில் குறை சொல்கிறார். புறநானூற்றின் 343ஆம் பாட்டில் பரணர், "கலந்தந்த பொற்பரிசம் கழித்தோணியால் கரைசேர்க்குந்து" என்கிறார். கப்பல் கொண்டுவந்த பொன்னை உப்பங்கழியில் ஓடும் தோணி கரை சேர்க்கிறது. பிளினிக்குப் பரணரைத் தெரியாது, பரணருக்குப் பிளினியைத் தெரியாது. ஒருவர் அலுத்துக்கொள்கிறார், மற்றவர் அழகென்று பாடுகிறார். இரண்டு பேரும் பார்த்தது ஒரே காட்சி. பிறகு, முசிறியின் பகுதியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதும் கேரளத்துப் பட்டணம் என்ற ஊரில், 2007இல் தொடங்கிய அகழாய்வில் சுமார் 6 மீட்டர் நீளத் தோணி ஒன்று சேற்றுக்குள்ளிருந்து வெளியே வந்தது. இந்த மூன்றையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். "சார், மூணும் ஒண்ணையே சொல்லுது" என்று ஒரு பிள்ளை கத்தும். சான்று என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கம் நான் தந்ததில்லை.

காசுகளையும் இப்படிக் கேள்வியாகவே வையுங்கள். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் அரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறது. ஏன்? பொன்தானா என்று சோதித்தார்களா, இனி இது காசாகச் செல்லாது என்று காட்டினார்களா? பிள்ளைகள் வாதிடட்டும், தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். வேறு இடங்களில் ரோமானியக் காசில் துளையிட்டும் வளையம் வைத்தும் கழுத்தில் அணிந்திருக்கிறார்கள். காசுமாலை பார்த்த பிள்ளைகளுக்கு அது எளிதில் விளங்கும். ஓர் ஊரில் பணமாக இருந்தது இன்னோர் ஊரில் நகையானது. பொருள் மாறவில்லை, அதன் அர்த்தம் மாறிவிட்டது. பிள்ளைகள் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய பண்பாட்டுப் பரிமாற்றம் இதுதான்.

சொற்களுக்கு அரை மணி நேரம் போதும், ஆனால் அதில் பிள்ளைகள் காட்டும் உற்சாகத்துக்கு அளவில்லை. நம் இஞ்சியோடு உறவுடைய சொல் பல மொழிகள் தாண்டிக் கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்' ஆனது. அங்கிருந்து இங்கே வந்தவையும் உண்டு. நேரத்தைக் குறிக்கும் ஓரை என்பது கிரேக்க 'ஹோரா'. சுரங்க வழியைக் குறிக்கும் சுருங்கை, கிரேக்கத்தின் 'சிரின்க்ஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். யவனர் என்ற பெயரே ஐயோனியர் என்பதன் திரிபு. இந்த இடத்தில் மிளகாயைக் கொண்டுவாருங்கள். மிளகு போலக் காரமான காய், அதனால் மிளகாய். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுதான் ஆகிறது. கரிகாலன் சாப்பிட்ட குழம்பில் மிளகாய் இல்லை என்று சொன்னால் வகுப்பு நம்பாது. வீட்டுக்குப் போய் இந்த வாரம் சமைத்ததில் எதெல்லாம் வெளியிலிருந்து வந்த காய்கறி என்று அம்மாவோடும் அப்பாவோடும் சேர்ந்து எழுதி வரச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் மூன்றையும் எடுத்துவிட்டால் சமையல் என்ன ஆகும் என்று வீடே பேசிக்கொள்ளும்.

நம்பிக்கைகளும் இந்த வழியில் போய்வந்தன. அதற்கு ஒரு படம் போதும். பெரெனிகேயில் கிடைத்துச் செய்தி 2023இல் வெளிவந்த புத்தர் சிலை. சுமார் 70 செ.மீ. உயரம். தலைக்குப் பின்னால் சூரியக் கதிர் போன்ற ஒளிவட்டம், பக்கத்தில் தாமரை. புத்தர் இந்தியாவின் புத்தர்தான், ஆனால் அது இந்தியக் கல் இல்லை. மத்தியதரைக் கடல் பக்கத்துச் சலவைக்கல். எகிப்திலேயே செதுக்கியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அந்தச் சிலைக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டவர் வீட்டை விட்டு எத்தனை காததூரத்தில் இருந்தார் என்று பிள்ளைகளை யோசிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தப் பாடத்தை 'நாம் உலகத்துக்குக் கொடுத்தோம்' என்ற பெருமைப் பாடமாக மட்டும் நடத்திவிடாதீர்கள். பெருமை தவறில்லை, எனக்கும் உண்டு. ஆனால் கொடுத்ததை மட்டும் எண்ணும் பிள்ளை வாங்கியதைப் பார்க்காது, பிறகு கேள்வி கேட்பதையும் நிறுத்திவிடும். இனிமையான பக்கத்தை மட்டும் காட்டுவதும் சரியில்லை. முசிறிப் பக்கம் கடற்கொள்ளையர் தொல்லை இருந்ததைப் பிளினி எழுதியிருக்கிறார். சேரன் இமயவரம்பன் யவனரைப் பிடித்து, தலையில் நெய் ஊற்றி, கையைப் பின்னால் கட்டிக் கொண்டுவந்ததைப் பதிற்றுப்பத்தின் பதிகம் பாடுகிறது. அதே யவனர் கொண்டுவந்த மதுவைக் குடித்து மகிழ்ந்திரு என்று பாண்டியனை நக்கீரர் வாழ்த்துகிறார். சண்டையும் விருந்தும் ஒரே காலத்தில் நடந்தன. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும், விளையாட்டு மைதானத்தில் அவர்கள் தினமும் பார்ப்பதுதான்.

சிறு பிள்ளைகள், நான்காம் ஐந்தாம் வகுப்பு என்றால், ஆண்டுகளைச் சொல்லாதீர்கள். ஒரு கயிற்றில் 80 முடிச்சுப் போடுங்கள். ஒரு முடிச்சு ஒரு தலைமுறை, 25 ஆண்டு. முதல் முடிச்சு நீ, அடுத்தது அம்மா, அதற்கடுத்தது பாட்டி. கடைசி முடிச்சைத் தேடி வராந்தாவின் மறுகோடிக்கு ஓடினால் அங்கே மிளகு மூட்டையோடு ஒருவர் நிற்கிறார். அவ்வளவு போதும்.

கடலே பார்க்காத ஊர் என்றாலும் கவலையில்லை. கொங்குப் பக்கம் இருந்தால் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. கல்மணிகள் செய்து பட்டை தீட்டிய ஊர், பானை ஓடுகளில் ஆட்களின் பெயர்கள் ஏராளமாகக் கிடைத்த ஊர். அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரைக்குப் போகலாம். கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் பேருந்தில் போன பிள்ளையிடம், வழியில் மலை ஏறினாயா என்று கேளுங்கள். ஏறவில்லை என்று சொல்லும். வண்டிமாடுகளும் அதனால்தான் அந்த வழியாகப் போயின. கிழக்கே காவிரிப்பூம்பட்டினத்தில் மிளகு மூட்டைகள் குவிந்ததைப் பட்டினப்பாலை சொல்வதும் அப்போது விளங்கும். மேற்கு மலை மிளகு தரைவழியாக வந்திருக்கிறது. புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் என்றால் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் தொல்லியலாளர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியப் பானை ஓடுகள் கிடைத்தன. மாவட்ட அருங்காட்சியகத்துக்குப் போனால் எல்லாவற்றையும் காட்டாதீர்கள், ஒரே ஒரு ஓட்டின் முன்னால் கால் மணி நேரம் உட்கார வைத்து வரையச் சொல்லுங்கள்.

தேர்வைப் பற்றி. ஏற்றுமதிப் பொருள் ஐந்து எழுதுக என்ற கேள்வி அரசுத் தேர்வில் வரத்தான் செய்யும், அதற்கு ஒரு நாள் ஒதுக்கிப் பயிற்சி கொடுத்துவிடுங்கள். ஆனால் உங்கள் வகுப்புத் தேர்வில் நான் கேட்ட கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: புரட்டாசியில் முசிறியில் இறங்கிய ஒரு மாலுமி மார்கழி வரை என்ன செய்திருப்பார்? நான்கு செய்திகள் எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே சான்று இருந்தால் சான்று, இல்லையென்றால் 'ஊகம்' என்று எழுது.

ஓர் ஆண்டு ஒரு பையன் எழுதியிருந்தான்: "அவர் கொண்டுவந்த கோதுமை மாவு கார்த்திகையில் தீர்ந்துபோயிருக்கும். அப்புறம் பக்கத்து வீட்டில் சோறு வாங்கிச் சாப்பிட்டிருப்பார்." முதல் வரிக்கு எதிரே, கப்பலில் சாப்பாட்டுக்குக் கோதுமை கொண்டுவந்த செய்தியைச் சான்றாகக் காட்டியிருந்தான். இரண்டாவது வரிக்கு எதிரே 'ஊகம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தான். முழு மதிப்பெண் கொடுத்தேன்.